தோள்பட்டை எலும்பு

யத்ரிபின் கிழக்கோரம்,
எரிமலைக் கருங்கல் தொடங்குகிற இடத்தில்
ஒட்டகம் அறுக்கும் களம்.
அறுப்பவன் ஹுஸைல்.
தோலுரித்து, குடல் அலசி, எலும்பை நாய்க்கு எறிபவள்
அவன் மனைவி.
வரலாற்றில் வாள்களுக்குப் பெயர் இருக்கிறது,
ஒட்டகங்களுக்கும் இருக்கிறது.
இவளுக்கு இல்லை. இவளை உண்டாக்கியதே நான்.
உஃபைரா என்று வைத்துக்கொள்கிறேன்:
மண்நிறக் குட்டி மான்.

ஆண்டுகளுக்கு அப்போது எண் கிடையாது.
பேரீச்சம்பாளை வெடித்த ஒரு நாள்
மக்காவை விட்டு வந்தவன், கிதாஷ்,
காய்ச்சலில் வெளுத்த முகத்தோடு
நாய்களுக்கு நடுவே நின்று கேட்டான்:
தோள்பட்டை எலும்பு கிடைக்குமா? அகலமானதாக.

கொதிக்க வைத்துக் குடிக்கவா?

எழுத.

அவள் சிரித்ததில் கையிலிருந்த ஈரல் நழுவியது.
கடனை எழுதுவார்கள், பேரீச்ச மட்டையில்.
வேதக்காரர்கள் எழுதுவார்கள், பதனிட்ட தோலில்.
செத்த ஒட்டகத்தின் தோளில் எவன் எழுதுவான்?

தோல் வாங்கக் காசில்லாதவன், என்றான்.

அன்று முதல்
சாம்பல் நீரில் எலும்பை வேகவைத்தாள்,
சவ்வைச் சுரண்டினாள்,
வெயிலில் சாய்த்து வைத்தாள்.
முதல் எலும்புக்கு ஒரு பிடி பார்லி.
ஐந்தாவதற்கு அவள் விலை சொல்லவில்லை.
களத்து நாய்கள் அவனைக் கண்டால் உறுமின.
ஒரு மார்க்கம் பிறந்ததில்
அவற்றுக்கு நேர்ந்தது நஷ்டம் மட்டும்தான்.

ஊரில் என்னென்னவோ மாறிக்கொண்டிருந்தது.
நேற்றுவரை கல்லுக்கு முன் அறுத்த ஹுஸைல்
கத்தி வைக்குமுன் ஒரு பெயர் சொன்னான்.
முதல் வாரம் இரண்டு தடவை மறந்துபோய்
பாதி அறுப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.
இருபது வருடப் பகைக்காரன்
அவனுக்குப் பக்கத்தில் தோளொட்டி நின்று குனிந்தான்.
அவளுக்கு நம்பிக்கை வரவில்லை;
வியப்பு வந்தது. அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

ஒரு மாலை கேட்டாள்:
என் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும்?
உள்ளங்கையளவு எலும்புச் சில்லில்
கரி மசியால் அவன் இழுத்தான்.
ஒரு வளைவு, ஒரு முடிச்சு, ஒரு பல், ஒரு வால்.

புள்ளி கிடையாது.
(எங்கள் ஓலையிலும் புள்ளி வைப்பதில்லை;
குத்தினால் கிழியும்.)
அதனால் இதை உஃபைரா என்றும் வாசிக்கலாம்,
அகீரா என்றும் வாசிக்கலாம்:
கால் நரம்பு அறுபட்ட ஒட்டகம்.

அப்படியென்றால் எது சரி?

உன்னைத் தெரிந்தவன் சரியாக வாசிப்பான்.
எல்லாமே முதலில் நெஞ்சில் இருக்க வேண்டும்.
எலும்பு ஞாபகமூட்டும், அவ்வளவுதான்.

வடக்கே ஏதோ ஒரு கிணற்றடியில் கிதாஷ் செத்தான்.
செய்தி வந்த நாளிலும் இரண்டு ஒட்டகம் அறுத்தார்கள்.
கழுவிய நான்கு தோள்பட்டைகள்
சுவரோரம் வெளுத்துக் கிடந்தன.
நாய்க்கு எறிய அவளுக்குக் கை வரவில்லை.

பிறகு வெகுகாலம்.
ஹுஸைலும் போய்விட்டான்.
வீடு வீடாக வந்தார்கள் சாக்குப்பையோடு:
எழுதிய எலும்பு, மட்டை, தோல்
எது இருந்தாலும் கொடுங்கள், ஒன்றுசேர்க்கிறோம்.
ஓட்டைப் பானைக்குள்ளிருந்து
அவள் சில்லை எடுத்து வந்தாள்.

மீசை அரும்பாத எழுத்தன்
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.
அகீரா, என்று வாசித்தான். அறுபட்டவள்.
பாட்டி, இது அதில் சேராது.

சேராதென்று எனக்குத் தெரியும், என்றாள்.
ஆனால் நீ வாசித்தது தப்பு.

உங்களுக்கு எழுத்து தெரியுமா?

தெரியாது.
உஃபைரா. இன்னொரு தடவை பார்.

அவன் பார்த்தான்.
அதே வளைவு, அதே முடிச்சு.
உதடு குவித்து மெல்லச் சொன்னான், உஃபைரா.
சொன்னதும் ஏனோ சாக்குப்பையை இறக்கி வைத்தான்,
உள்ளே எலும்புகள் ஒன்றோடொன்று
கலகலத்தன.
தெருமுனையில் ஒரு நாய் காதை நிமிர்த்தியது.